பயிற்சி வெளிநாடு கொடுத்தது, பெட்ரோல் யார் போடுவது? லைபீரியா போலீஸ் பற்றி ஒரு இழை

4 ஜூன் 2022, ஒரு வாசகரின் கேள்வி

“பலவீனமான நாடுகளில் மக்கள் போலீஸை நம்பாததற்குக் காரணம் பயிற்சி இல்லை, வண்டி இல்லை, சம்பளம் இல்லை என்பதுதான். வெளிநாடுகள் இந்த மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்தால் நம்பிக்கை தானாக வரும். ஆப்கானிஸ்தானில் சொதப்பியதை வைத்து, இந்த வழியே தப்பு என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நீங்கள் லைபீரியாவில் வேலை பார்த்தவர். அங்கே பலித்ததா இல்லையா?”

4 ஜூன் 2022, இரவு

பாதி பலித்தது. எந்தப் பாதி என்பதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை.

மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பார்த்தேன். அரிசி, மாவு, எண்ணெய், கூரைத் தகரம். 2008ல் போனேன், எபோலா என்ற கொள்ளைநோய் வந்த 2014ல் திரும்பினேன். எனவே நான் சொல்வது மன்ரோவியாவின் புஷ்ராட் தீவில் எங்கள் குடோன் வாசலிலிருந்து தெரிந்த லைபீரியா.

பின்னணி தெரியாதவர்களுக்கு. 1989 டிசம்பர் 24ஆம் தேதி கலகத் தலைவர் சார்ல்ஸ் டெய்லரின் ஆட்கள் நிம்பா கவுண்டிக்குள் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) நுழைந்ததில் தொடங்கியது உள்நாட்டுப் போர். நடுவில் சில வருஷம் ஓய்ந்து, மறுபடி பிடித்து, 2003 ஆகஸ்டில் கானாவின் தலைநகர் அக்ராவில் போட்ட சமாதான ஒப்பந்தத்தோடு முடிந்தது. அடுத்த மாதமே அங்கே ஐ.நா. படை அனுப்பப் பாதுகாப்பு சபையின் 1509ஆம் தீர்மானம். 15,000 வரை படையினர், 1,115 வரை போலீஸார். அன்றைய லைபீரியாவில் மொத்தமே சுமார் 30 லட்சம் ஜனம். நம் திருச்சி மாவட்டத்தைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ராணுவத்தை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. பழைய படையை மொத்தமாகக் கலைத்தது. டைன்கார்ப் என்ற தனியார் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுத்து, சுமார் 2,000 பேரைப் புதிதாக எடுத்துப் பயிற்சி கொடுத்தது. போலீஸை ஐ.நா. எடுத்துக்கொண்டது. அதைக் கலைக்கவில்லை, சலித்தெடுத்துத் திரும்பக் கட்டினார்கள். ஸ்டேஷன் கட்டடம், வண்டி, சீருடை, பயிற்சிக் கல்லூரி எல்லாம் வந்தன. நார்வே, அயர்லாந்து, ஸ்வீடன் என்று ஆளுக்கொரு பங்கு போட்டார்கள். இத்தனை சின்ன நாட்டுக்கு இதற்கு மேல் யாரும் கொடுக்கப்போவதில்லை. உங்கள் கணக்கைச் சரிபார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

5 ஜூன் 2022

நேற்று அவசரமாக முடித்துவிட்டேன். ஒரு திருட்டைச் சொல்கிறேன், சங்கதி விளங்கும்.

மன்ரோவியாவில் மே மாதம் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடாது. தகரக் கூரையில் அது அடிக்கும் அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. கள்ளர்களுக்கு அதுதான் சீசன். ஒரு ராத்திரி எங்கள் குடோன் கூரையில் ஒரு தகட்டை ஆணி பிடுங்கி நகர்த்தி, எண்ணெய் டின்களைக் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்கள். வாட்ச்மேன் கீழேதான் இருந்தார். தூங்கினாரா என்று கேட்டு என்ன ஆகப்போகிறது, முழித்திருந்தாலும் கேட்டிருக்காது.

காலையில் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஸ்டேஷன் என்று வேண்டாம். டியூட்டியில் இருந்த இளைஞர் மரியாதையாக உட்காரச் சொன்னார். சட்டை மடிப்புக் கலையவில்லை. கோடு போட்ட பெரிய நோட்டில் நேரம், இடம், பொருள், மதிப்பு என்று கட்டம் கட்டி அழகாக எழுதினார். யாரோ சொல்லிக்கொடுத்து, இவரும் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. சுவரோரம் ஒரு நன்கொடை நாட்டின் பெயர் ஒட்டிய இரும்பு அலமாரி. வாசலில் ஐ.நா. கொடுத்த ஜீப். எழுதி முடித்துவிட்டுத் தலையைத் தூக்கிச் சொன்னார்: “இடத்தைப் பார்க்க வருகிறோம். ஆனால் வண்டியில் கேஸ் இல்லை.”

கேஸ் என்றால் அங்கே பெட்ரோல். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஒரு பையன் பெட்டிக்கடையில் பெரிய கண்ணாடி ஜாடிகளில் பெட்ரோல் வைத்து விற்றுக்கொண்டிருந்தான். ஊறுகாய் ஜாடி மாதிரி, உள்ளே மஞ்சளாகத் திரவம், வாயில் பிளாஸ்டிக் உறை கட்டியிருக்கும். எங்கள் டிரைவர் ஒரு காலன் வாங்கித் துணி வடிகட்டி வைத்து ஊற்றினார். ஜீப் வந்தது. பார்த்தார்கள், அளந்தார்கள், எழுதினார்கள். திருடன் அகப்படவில்லை, அது வேறு கதை.

எனக்கு வந்த கவலை, வவுச்சரில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது. லஞ்சம் இல்லை, கையில் காசு யாரும் வாங்கவில்லை. ‘பாதுகாப்பு, எரிபொருள்’ என்று போட்டேன். கொஞ்ச காலத்தில் அது மாதச் செலவாகவே ஆகிவிட்டது. குடோனுக்கு முன்னால் மிளகாய் விற்கும் அம்மாவின் போனை யாராவது பறித்துக்கொண்டு ஓடினால் அவர் எந்தத் தலைப்பில் எழுதுவார்?

இதைத்தான் பிறகு 2013ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு நீண்ட அறிக்கையாக வெளியிட்டது. புகார் பதிய, வண்டி கிளம்ப, விசாரணை நகர, ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் கையிலிருந்துதான் பணம் போகிறது என்று. போலீஸ்காரர்களையும் பேட்டி கண்டிருந்தார்கள். எரிபொருளும் காகிதமும் மேலிருந்து வந்து சேர்வதில்லை என்று அவர்களே புலம்பியிருந்தார்கள். அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. உதவி என்பது ஜீப்பாக வருகிறது. ஜீப்பைக் கொடுத்தால் ரிப்பன் வெட்டலாம், பெட்ரோல் ரசீதுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்? மாதாமாதம் வரும் செலவு அரசாங்கத்தின் தலையில். அந்த அரசாங்கத்தின் கஜானாவோ எப்போதும் காலி.

5 ஜூன் 2022, சற்றுப் பிறகு

“நம்ம ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?” என்று கேட்டவருக்கு: சரி. ஆனால் நம் ஊரில் ஸ்டேஷன் ஜீப்பை வேறு நாடு வாங்கிக் கொடுக்கவில்லை. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்த இழை.

9 ஜூன் 2022

இந்தியப் பெண் போலீஸ் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாக.

2007 ஜனவரியில் சி.ஆர்.பி.எஃப்.பிலிருந்து நூற்றுச் சொச்சம் பெண்கள் மன்ரோவியா வந்திறங்கினார்கள். ஐ.நா. வரலாற்றிலேயே முழுக்கப் பெண்களைக் கொண்ட முதல் ஆயுதப் போலீஸ் அணி. முதல் தலைவர் சீமா துண்டியா. வருஷம் ஒரு அணியாக மாறி மாறி 2016 பிப்ரவரி வரை இருந்தார்கள். காங்கோ டவுனில் முகாம். ஜனாதிபதி எலன் ஜான்சன் சர்லீஃப் வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தில் உட்கார்ந்து ஆட்சி செய்தார், ஏனென்றால் ஜனாதிபதி மாளிகை 2006 சுதந்திர தினத்தன்று தீப்பிடித்துவிட்டது. அந்தக் கட்டட வாசலில் இவர்கள்தான் காவல். இரவு ரோந்தும் போவார்கள்.

ஒரு தீபாவளி விருந்தில் அந்த அணியில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பார்த்தேன். சாம்பார்ப் பொடி எங்கே கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. ரோந்தைப் பற்றிக் கேட்டதற்கு, “நாங்க யாரையும் கைது பண்ண முடியாது சார். அவங்க போலீஸ் பண்ணும், நாங்க பக்கத்துல துப்பாக்கியோட நிப்போம்” என்றார். அதுதான் ஐ.நா.வின் ஏற்பாடு. சாதாரண லைபீரியப் போலீஸ்காரர் கையில் துப்பாக்கி கிடையாது, கம்புதான். ஆயுதம் இரண்டு சிறப்புப் பிரிவுகளுக்கு மட்டும். போரில் துப்பாக்கி பட்ட பாட்டை எண்ணிச் செய்த முடிவு அது, எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஆனால் கொள்ளைக்கு வருகிறவனிடம் துப்பாக்கி இருந்ததே! 2006ல் ஆயுதக் கொள்ளை தாங்க முடியாமல், மக்களே காவல் குழு அமைத்துக்கொள்ளுங்கள் என்று நீதித் துறை அமைச்சர் சொல்ல வேண்டிவந்தது. ஐ.நா. படை ஆயிரக்கணக்கில் ஊரில் இருந்தபோது.

எங்கள் ஸ்டோர்கீப்பர் நிம்பாக்காரர், கியோ இனம். இந்தியப் பெண்கள் ரோந்து போனால் நின்று கும்பிடாத குறை. ஏன் இவ்வளவு பிரியம் என்று கேட்டேன். “நான் கியோவா, மானோவா, க்ரானா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்” என்றார். மூன்றும் அந்நாட்டு இனங்கள். நிம்பாவில் கிளம்பிய கலகத்துக்குக் கியோ, மானோ மக்கள் ஆதரவு என்று சந்தேகம், அதனால் 1990ல் ராணுவச் சோதனைச் சாவடிகளில் எந்த மொழி பேசுகிறாய் என்று கேட்டு ஆளைப் பிரித்தார்கள். அந்த ஜூலையில் மன்ரோவியாவின் சின்கோர் பகுதியில் லூத்தரன் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சுமார் 600 பேரை அரசாங்கத்தின் ராணுவமே கொன்றது. பெரும்பாலும் கியோ, மானோ மக்கள். இவர் அந்தக் காலத்தில் சிறுவன்.

ஆக, வெளிநாட்டாரை நம்பியதற்குக் காரணமே அவர்கள் வெளிநாட்டார் என்பதுதான். இந்த நம்பிக்கையை எப்படி உள்ளூர் போலீஸ் கையில் எடுத்துக் கொடுப்பது? கேள்வி கேட்டவர் நம்பிக்கையை ஜீப் மாதிரி சாவி மாற்றிக் கொடுக்கும் பொருளாக நினைக்கிறார்.

12 ஜூன் 2022

ஒருவர் ஐ.நா. செய்தியை எடுத்துப் போட்டிருக்கிறார். இந்தியப் பெண்கள் வந்தபோது லைபீரியப் பாதுகாப்புத் துறையில் பெண்கள் 6 சதவீதம், அவர்கள் கிளம்பும்போது 17 சதவீதம், எனவே நம்மவர்களைப் பார்த்துத்தான் அந்நாட்டுப் பெண்கள் சேர்ந்தார்கள் என்று. பெருமைதான். எனக்கும் மார்பு விரிகிறது.

ஆனால் அந்தப் பெண்களுக்குப் பெரிய தடை பள்ளிப் படிப்பு. போலீஸில் சேர உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும். பதினாலு வருஷப் போரில் எந்தப் பெண் பள்ளி முடித்தாள்? அதனால் படிப்பு அரைகுறையாக நின்றவர்களைச் சேர்த்துச் சில மாதங்களில் பள்ளிப் படிப்பை முடிக்க வைக்கும் திட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். போலீஸில் ஐந்தில் ஒரு பங்கு பெண்கள் என்று இலக்கும் வைத்தார்கள். 2006ல் போலீஸ் தலைவராகவே ஒரு பெண் வந்தார், பியாட்ரிஸ் முனா சீ. போருக்கு அஞ்சி அமெரிக்கா போய் அங்கே ஆசிரியையாக இருந்தவர். இத்தனையும் சேர்ந்த கூட்டுத்தொகைதான் 17. முழுத் தொகையையும் நம் கணக்கில் வரவு வைப்பது சரியில்லை. வாசலில் நிமிர்ந்து நின்ற பெண்ணைப் பார்த்து ஒருத்திக்கு ஆசை வந்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆசை வந்தவளைப் படியேற்றியது அந்தப் பள்ளிக்கூடம்.

அப்புறம், “பெண் போலீஸ் என்றால் லஞ்சம் வாங்க மாட்டார்கள்” என்று எழுதியவரே, சீருடை யார் போட்டாலும் ஸ்டேஷனுக்குப் பெட்ரோல் மேலிருந்துதான் வர வேண்டும்.

20 ஜூன் 2022

இதுவரை கதை சொன்னேன். இனி ஆதாரம். நான் திரும்பி வந்த பிறகு வாசித்தது, இன்றுவரை என்னை விடவில்லை.

லைபீரியப் போலீஸே ஒரு திட்டம் நடத்தியது. புதிதாகப் பயிற்சி பெற்ற, கருவிகள் உள்ள போலீஸார் சிறு சிறு குழுவாக மூன்று கவுண்டிகளில் உள்கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். கூட்டம் போட்டுச் சட்டம் சொல்ல வேண்டும், ராத்திரி தங்க வேண்டும், ரோந்து சுற்ற வேண்டும். நம்பிக்கை ரோந்து என்றே பெயர். பதினாலு மாதம் நடந்தது. எந்தக் கிராமத்துக்குப் போவது, எதை விடுவது என்று குலுக்கல் முறையில் பிரித்து, பிறகு இரண்டையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மருந்துச் சோதனை செய்கிற மாதிரி.

விளைவு என்ன? சட்டம் பற்றியும் போலீஸ் பற்றியும் மக்களுக்கு விவரம் கூடியது. நிலம், சொத்து பறிபோகும் பயம் குறைந்தது. அடிதடி குறைந்தது, வீட்டுக்குள் நடக்கும் வன்முறையும் குறைந்தது. இத்தனையும் நடந்தும் போலீஸ் மேலோ, கோர்ட் மேலோ, அரசாங்கத்தின் மேலோ நம்பிக்கை கூடவில்லை.

கேள்வி கேட்டவர் இங்கேயே தோற்றார் என்று முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அடுத்த முடிவுதான் முக்கியம். ரோந்து போன ஊர்களில் போலீஸிடம் புகார் சொல்வது கூடியது. எல்லாரிடமும் கூடவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் யார் பேச்சு எடுபடாதோ, ஏறக்குறைய அவர்களிடம் மட்டும்தான் கூடியது.

அங்கே ஊர்ப் பஞ்சாயத்து ‘பலாவா ஹட்’ என்ற கொட்டகையில் நடக்கும். சுற்றி அரைச் சுவர், மேலே கூம்புக் கூரை. ஊர்த் தலைவரும் பெரியவர்களும் உட்கார்ந்து இருதரப்பையும் கேட்பார்கள். பல வழக்குகளில் அது கோர்ட்டைவிட நல்லது, செலவில்லை, அன்றே முடியும், முடிந்த பிறகு இரண்டு பேரும் ஒரே ஊரில் வாழலாம். ஆனால் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் யார் வீட்டுப் பெரியவர்கள் என்பது இருக்கிறதே. எங்கள் ஸ்டோர்கீப்பரின் அக்காள் கணவனை இழந்தார். வீட்டையும் ரப்பர் தோட்டத்தில் ஒரு துண்டையும் கொழுந்தன்மார் எடுத்துக்கொண்டார்கள். கொட்டகையில் தீர்ப்பு சொன்னவர்கள் கொழுந்தன்மாரின் சித்தப்பன்மார். நாட்டுவழக்கப்படி கட்டிய மனைவிக்கும் கணவன் சொத்தில் பங்கு உண்டு என்று 2003லேயே சட்டம் வந்துவிட்டது, கொட்டகையில் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அந்த அக்காள் ஸ்டேஷனுக்குப் போனார். போலீஸை நம்பினாரா என்று தம்பியிடம் கேட்டேன். சிரித்தார். “நம்புவதா? அவர்கள் வந்து கூப்பிட்டால் கொழுந்தன் பயப்படுவான் இல்லையா” என்றார். தோட்டம் கிடைக்கவில்லை. வீட்டில் இருக்க விட்டார்கள்.

ஆகவே கணக்கெடுக்க வருகிறவர் “போலீஸை நம்புகிறீர்களா?” என்று கேட்டால் அந்த அக்காள் இல்லை என்றுதான் சொல்வார். அந்த ‘இல்லை’யை வைத்து உதவி வீண் என்று ஒருவர் எழுதுவார். எனக்கு அப்படிப் படவில்லை. நம்பாதவரும் ஸ்டேஷன் படி ஏறுகிறாரா, ஏறுகிறவர் ஊரில் யாராக இருக்கிறார் என்று பார்த்தால் வேறு விடை கிடைக்கும். வெளிநாட்டு உதவி பலித்த பாதி என்று நான் முதல் நாள் சொன்னது இதைத்தான். கொட்டகையில் தோற்றவர்களுக்கு இரண்டாவதாக ஒரு கதவு திறந்தது.

21 ஜூன் 2022

“அப்படியானால் நம்பிக்கையே தேவையில்லை, பயன்பட்டால் போதும் என்கிறீர்களா?” நல்ல கேள்வி. ராத்திரி முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, தேவை. எப்போது தேவை என்பது 2014ல் தெரிந்தது.

அந்த வருஷம் பிப்ரவரியில்தான் லைபீரிய ராணுவத்துக்கு லைபீரியர் ஒருவர் தலைவரானார். அதுவரை நைஜீரிய அதிகாரிகள்தான் தலைமை. ஆறு மாதம் கழித்து ஆகஸ்டில் எபோலா மன்ரோவியாவுக்குள் பரவிவிட்டது. மன்ரோவியாவில் வெஸ்ட் பாயின்ட் என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் திட்டு, தகரக் குடிசை நெருக்கம், 75,000 பேர் என்று சொல்வார்கள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தை எபோலா சந்தேக நோயாளிகளை வைக்கும் இடமாக்கினார்கள். வெளியூர் நோயாளிகளை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒரு கூட்டம் உள்ளே புகுந்து மெத்தை வரை தூக்கிக்கொண்டு போனது. நோயாளிகள் ஓடிவிட்டார்கள். 20ஆம் தேதி காலை ஜனங்கள் கண் விழித்தபோது பகுதியையே ராணுவமும் போலீஸும் அடைத்து நின்றன. உள்ளே இருந்த பகுதி அதிகாரியைக் குடும்பத்தோடு படைப் பாதுகாப்பில் வெளியே கூட்டிப் போனார்கள். அதைப் பார்த்ததும் கொதித்தது. கல் பறந்தது, சிப்பாய்கள் சுட்டார்கள். 15 வயதுப் பையன் ஒருவன் காலில் குண்டு பாய்ந்து இறந்துபோனான்.

அமெரிக்கா கையால் பொறுக்கியெடுத்து, மனித உரிமை வகுப்பு நடத்தி உருவாக்கிய ராணுவம் இது. அதையும் சொல்லிவிட வேண்டும், ஆள் எடுத்த விதம் நல்ல விதம். விண்ணப்பித்தவர்களின் படத்தைப் பொது இடங்களில் ஒட்டி, போரில் இவன் அநியாயம் செய்ததைப் பார்த்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கேட்டார்கள். உதவி செய்தவர்கள் ஜனங்களிடம் அபிப்பிராயம் கேட்ட இடம் என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஆனால் சிப்பாய்க்குக் கொடுத்தது போர்ப் பயிற்சி. குடிசைப் பகுதி வாசலில் கூட்டத்தை நிறுத்தும் வேலை வேறு. பத்து நாளில் அடைப்பை எடுத்துவிட்டார்கள். எடுத்தபோது தெருவில் ஆடினார்கள்.

நான் அந்த ஆகஸ்டில் கிளம்பிவிட்டேன், விமானங்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. மீதியை ஸ்டோர்கீப்பர் போனில் சொன்னார். அதில் ஒன்று நம்மவர்களைத் தொடுவது. இறந்தவர்களை எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. எரிப்பது எங்கே? ஊருக்கு வெளியே பாய்ஸ் டவுனில் இந்தியர்கள் தங்களுக்காகக் கட்டிய தகன மேடையில். நமக்கு எரிப்பது சடங்கு. அவர்களுக்கு அது பேரதிர்ச்சி. மார்ச் இரண்டாவது புதனன்று அந்த நாடே விடுமுறை விட்டுக் கல்லறைகளைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்கும். வெள்ளையடிக்கக் கல்லறையே இல்லை என்றால்? பல குடும்பங்கள் பிணத்தை ஒளித்து இரவில் புதைத்தன. நோய் அந்த வழியாகவும் பரவியது.

மன்ரோவியாவில் அந்தச் சமயம் எடுத்த ஒரு ஆய்வில், அரசாங்கத்தை நம்பாதவர்கள்தான் தற்காப்பு விதிகளைக் குறைவாகக் கடைப்பிடித்தார்கள், பாதுகாப்பான அடக்கத்தையும் அவர்கள் ஏற்கவில்லை என்று வந்தது. அறிவில்லாமல் இல்லை. நோய் எப்படித் தொற்றும் என்பது நம்பியவர்களுக்குத் தெரிந்த அளவு இவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

எனவே என் பதில் இதுதான். கொழுந்தனைப் பயமுறுத்த நம்பிக்கை வேண்டாம், போலீஸ் இருந்தால் போதும். உன் தாயின் உடலை என்னிடம் கொடு என்று கேட்க நம்பிக்கை வேண்டும். முதலாவதை வெளிநாட்டுப் பணம் கொடுத்தது. இரண்டாவதை அதனால் கொடுக்க முடியவில்லை.

22 ஜூன் 2022

நேற்று எழுதியதில் ஒரு வரியைக் கொஞ்சம் இறக்கிப் படியுங்கள். “கொடுக்க முடியவில்லை” என்றால் வெளிநாட்டார் கெடுத்தார்கள் என்று பொருள் இல்லை. எபோலாவை நிறுத்தியதில் உள்ளூர்க்காரர்கள் வீடு வீடாகப் போன வேலைக்கு நிறையப் பங்கு உண்டு. அந்த வேலைக்கும் வெளிநாட்டுப் பணம்தான் உதவியது. கதவைத் தட்டியவர் தெருவில் தெரிந்த முகமாக இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

3 ஜூலை 2022

“லைபீரியாவுக்கு உதவி 2003க்குப் பிறகுதான் வந்ததா?” என்று ஒரு இளைஞர். தம்பி, அதற்கு முன்னும் வந்தது, அதுவும் கணக்கில் சேரும்.

1979 ஏப்ரல் 14. அரிசி மூட்டையை 22 டாலரிலிருந்து 26 டாலராக ஏற்றலாம் என்று விவசாய அமைச்சர் யோசனை சொன்னதற்கு ஊர்வலம். போலீஸ் சுட்டதில் குறைந்தது 40 பேர் இறந்தார்கள். தன் சொந்தப் படையைக்கூட முழுசாக நம்ப முடியாமல் ஜனாதிபதி டால்பர்ட் பக்கத்து கினியாவிலிருந்து துருப்புகளை வரவழைத்தார். வெளிநாட்டு உதவியின் மிகச் சுருக்கமான வடிவம் அது. ஒரு வருஷம் கழித்து 1980 ஏப்ரல் 12ஆம் தேதி சாமுவேல் டோ என்ற மாஸ்டர் சார்ஜென்ட் மாளிகைக்குள் புகுந்தார். டால்பர்ட் கொல்லப்பட்டார்.

பிறகு டோவுக்கு அமெரிக்கா 1980களில் அள்ளிக் கொடுத்தது, சுமார் 50 கோடி டாலர் என்பார்கள். பனிப்போர் காலம், ஆள் நம் பக்கம் இருந்தால் போதும் என்ற கணக்கு. தேவாலயத்தில் சுட்ட ராணுவம் அந்தக் காலத்து ராணுவம். ஸ்டோர்கீப்பர் வயதுக்காரர்களுக்கு இது மறக்கவில்லை. இப்போது அதே அமெரிக்கா வந்து புதிய ராணுவம் தருகிறேன் என்றால், நன்றி சொல்லிக்கொண்டே ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்வார்கள்.

அரிசி வியாபாரத்தில் இருந்தவனாகச் சொல்கிறேன். லைபீரியாவில் எந்த அமைச்சரும் அரிசி விலையைப் பற்றி வாயைத் திறக்கும் முன் 1979ஐ ஒருமுறை நினைத்துக்கொள்வார்.

8 ஜூலை 2022

ஆப்கானிஸ்தானைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை, இழை அங்கே போனால் திரும்பாது. ஒன்றே ஒன்று. 2009 வாக்கில் வர்தக் மாகாணத்தில் சில போலீஸாருக்குச் சம்பளத்தைச் செல்போன் வழியாக நேரடியாக அனுப்பிப் பார்த்தார்கள். சம்பளம் உயர்ந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உயரவில்லை, வழியில் மேலதிகாரி கடித்துக்கொண்டிருந்த மூன்றில் ஒரு பங்கு அளவு கடிபடாமல் வந்தது. ஒரு கமாண்டர் சிம் கார்டுகளையே என்னிடம் கொடுங்கள் என்று கேட்டாராம். இரண்டு வகுப்புப் பயிற்சியைக் குறைத்துவிட்டு இந்த மாதிரி வேலை நாலு செய்திருந்தால் என்று தோன்றும். அதனால் 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போகாமல் இருந்திருக்குமா என்று கேட்காதீர்கள்.

15 ஜூலை 2022

கபார்ங்காவைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது. 2013 பிப்ரவரியில் அந்த நகரத்தில் போலீஸ், நீதிமன்றம், குடியேற்றத் துறை எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும்படி ஒரு மையம் திறந்தார்கள், ஐ.நா.வின் அமைதி கட்டும் நிதியில். தலைநகரத்திலிருந்து எல்லாவற்றையும் இழுக்காமல் கவுண்டிகளுக்குக் கொண்டுபோகும் நல்ல யோசனை. சரக்கு லாரிக் கணக்குக்காக அந்தப் பக்கம் போனபோது வெளியிலிருந்து பார்த்தேன். புதுக் கட்டடம், பெரிய வேலி, ஜெனரேட்டர் அறை. ஜெனரேட்டரைப் பார்த்ததும் கணக்கன் புத்தி மணிக்கு எத்தனை லிட்டர் என்று ஓடியது. மையத்தின் பெரிய தலைவலியே நடைமுறைச் செலவு என்று பின்னால் எல்லா அறிக்கையிலும் வந்தது.

19 நவம்பர் 2023

இந்த இழை தூங்கிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எழுப்பக் காரணம் இருக்கிறது.

போரிலிருந்து இதுவரை லைபீரியாவில் ஐ.நா. படை ஊரில் இருக்கும்போதுதான் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. 2005, 2011, 2017, மூன்றும். படை 2016 ஜூன் கடைசியில் பாதுகாப்புப் பொறுப்பை ஒப்படைத்தது, 2018 மார்ச் 30ஆம் தேதி மொத்தமாகக் கடை கட்டியது. இந்த வருஷத் தேர்தலுக்குத்தான் உள்ளூர் போலீஸ் மட்டும். இரண்டாம் சுற்றில் பதவியிலிருந்த ஜனாதிபதி ஜார்ஜ் வியா மிகச் சிறு வித்தியாசத்தில் எதிர்க்கட்சியின் ஜோசப் போவாகாயிடம் தோற்றார். முந்தாநாள் முழு முடிவு வருவதற்கு முன்பே ரேடியோவில் தோல்வியை ஒப்புக்கொண்டு வாழ்த்தும் சொன்னார். பிரச்சாரத்தின்போது லோஃபா கவுண்டியில் ஃபோயாவில் மோதலில் உயிர் போனது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் நாடு எரியவில்லை.

முதல் கேள்வி கேட்டவர் உடனே தனிமடலில் வந்துவிட்டார், “பார்த்தீர்களா, பயிற்சி பலித்தது” என்று. இருக்கலாம். தோற்றவர் வீட்டுக்குப் போய்விட்டால் போலீஸுக்குச் சோதனையே வராது என்பதும் இருக்கிறது. 2011 இரண்டாம் சுற்றுக்கு முந்தின நாள் எதிர்க்கட்சி ஊர்வலத்தில் இதே போலீஸ் சுட்டு உயிர் போனது, போலீஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த நாளில் ஐ.நா. சிப்பாய்கள் நடுவில் வந்து நின்றார்கள். இந்தமுறை நடுவில் நிற்க வேண்டிய அவசியத்தை வியாவே இல்லாமல் செய்துவிட்டார். பாராட்டை இரண்டாகப் பிரித்தால் பெரிய பங்கை அவருக்குத்தான் கொடுப்பேன்.

ஸ்டோர்கீப்பருக்குப் போன் போட்டேன். இப்போது சொந்தமாகச் சிமென்ட் கடை வைத்திருக்கிறார். தேர்தல் அன்று போலீஸ் எப்படி என்றேன். “ஒழுங்காக நின்றார்கள். வெயிலில் பாவம்” என்றார். போலீஸைப் பாவம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்புறம் அரிசி மூட்டை விலையைப் பற்றி நீளமாகத் திட்டினார். அக்காள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாராம், தோட்டத்துக்குக் கோர்ட்டில் வழக்கு போட்டிருக்கிறாராம்.